விளம்பரம் செய்யாதீர்: சுவர், எழுத்து, முகம்

1

வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகிற சாலையில், அயனம்பாக்கம் பக்கமாக, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதில்கள் நீளமாக ஓடுகின்றன. வெள்ளையடித்த, உயரமான, நல்ல சுவர்கள். பத்தடிக்கு ஒரு தரம், தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கறுப்புப் பெயின்டில் ஒரே வாசகத்தை அடித்திருக்கிறார்கள்: விளம்பரம் செய்யாதீர். சில மதில்களில் கூடவே, மீறினால் தண்டனை. வேறு எதையும் அந்தச் சுவர்கள் சொல்வதில்லை. பேசாதே என்று சொல்வதற்கு மட்டும் வாய் திறக்கிற சுவர்கள்.

அதே சாலையில் நிற்கிற மின்வாரியப் பெட்டியைப் பாருங்கள். கண்ணீர் அஞ்சலி, புதுப்படம், பொதுக்கூட்டம், வேலைக்கு ஆட்கள் தேவை, மூலம்-பௌத்திரம், மறுபடி கண்ணீர் அஞ்சலி. ஒன்றின் தலைமேல் இன்னொன்று. மழை பெய்து மேலடுக்கு கிழிந்தால், போன மாதம் செத்தவரின் நெற்றியும் இந்த வாரப் படத்தின் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஏரியும் ஊருமாக இருந்த அயனம்பாக்கம், 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பிறகு வந்த பைபாஸ் சாலையும் நெருக்க நெருக்கப் புறநகராக மாறிப்போன கதையை இந்த இரண்டு பரப்புகளிலும் வாசிக்கலாம். ஒன்று பேச்சைத் தடுக்கிற மதில். மற்றது பேச்சு மண்டிக்கிடக்கிற தகரப்பெட்டி.

எழுத்துருவில் பரிசோதனை, சுவரொட்டி வடிவமைப்பு என்று நம் வட்டாரத்தில் யாராவது பேச்செடுத்தால் அது ரெண்டு நிமிஷத்தில் மாஸ்கோவுக்கும் பாரிஸுக்கும் போய்விடுகிறது. போகட்டும், நாமும் போய்வரலாம். ஆனால் திரும்பி இந்த மின்வாரியப் பெட்டிக்கு வந்தாக வேண்டும். எழுத்தை எப்படி உடைப்பது என்பது அங்கே பிறந்த கேள்வி. நம் சுவரில் வேறொரு கேள்வி இருந்துகொண்டேயிருக்கிறது: யாருக்குச் சுவர், யாருக்கு எழுத்து, யாருக்கு முகம்? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் தமிழில் சுவரொட்டி அழகியல் என்று ஒன்றைப் பேச முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது.

2

ஐரோப்பியக் கதையை எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1910களில் மாரினெட்டி வரிகளின் ஒழுங்கைக் கலைத்தார். டாடாக்காரர்கள் பல அளவு எழுத்துகளை ஒரே தாளில் கொட்டினார்கள். 1928இல் ஷிகோல்ட் 'புதிய அச்செழுத்துக் கலை' என்று நூலே எழுதினார். இந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே வந்தால் 1994இல் அமெரிக்காவில் வந்த 'ரே கன்' என்ற இசைப் பத்திரிகையில் முடியும். அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்சனுக்கு ஒரு பேட்டி சுவாரசியமாகப் படவில்லை. முழுப் பேட்டியையும் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம், கத்தரிக்கோல், விரல் நீட்டும் கை போன்ற குறிகளால் கோத்து அச்சிட்டார். ஒரு வரிகூட வாசிக்க முடியாது. பின்நவீனத்துவ வடிவமைப்பின் சாகசங்களில் ஒன்றாக இது இன்னும் கொண்டாடப்படுகிறது.

அதே 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர் தன் பெயரைத் தானே எழுதுவது அங்கே ஒரு அரசியல் செயல். எல்லாமே படிக்கக் கிடைக்கிறவருக்குத்தான் படிக்க முடியாமை விளையாட்டாக இருக்க முடியும். கார்சனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விளையாட்டைத் தூக்கிவந்து நம் சுவரில் ஒட்டும்போது அதன் குறிப்பீடு மாறிவிடுகிறது. அதைக் கணக்கில் எடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

ஐரோப்பாவிலேயே இன்னொரு கோடும் இருக்கிறது. 1919 முதல் 1921 வரை மயாகோவ்ஸ்கியும் தோழர்களும் ரோஸ்டா செய்தி நிறுவனத்துக்காகச் செய்த 'ஜன்னல்கள்'. தாள் தட்டுப்பாடு, அச்சகங்கள் நொடிந்த காலம். அட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்துக் கையால் வண்ணமடித்து, சரக்கில்லாத கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் மாட்டினார்கள். தட்டையான நிறங்கள், தடித்த கோடு, ரெண்டொரு வரி எழுத்து எல்லாமே இல்லாமையிலிருந்து வந்த வடிவம். 1923இல் மயாகோவ்ஸ்கியின் கவிதைகளை லிஸிட்ஸ்கி பெர்லினில் புத்தகமாக வடிவமைத்தபோது, அச்சுக்கோப்பவரின் பெட்டியில் கிடக்கிற எழுத்து, கோடு, கட்டை இவற்றை மட்டும் வைத்தே பக்கங்களைக் கட்டினார். அதைக் கோத்த ஜெர்மானியத் தொழிலாளிக்கு ரஷ்யமொழி தெரியாது என்பார்கள். உலகம் கொண்டாடும் ஒரு பரிசோதனைப் புத்தகம், வாசிக்கத் தெரியாத கைகளால் கோக்கப்பட்டது. அந்தக் கைகளின் பெயரை யாரும் சொல்வதில்லை.

1968 மே மாதம் பாரிஸ் கலைக்கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் நடத்திய 'மக்கள் பட்டறை'யும் இந்தக் கோட்டில் வருவதுதான். சில்க் ஸ்கிரீன், பெரும்பாலும் ஒரே நிறம், யார் கையெழுத்தும் கிடையாது. வாசகத்தையும் படத்தையும் பொதுக்கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்தார்கள். இவற்றை அலங்காரப் பொருளாக மாட்டிவைப்பது இவற்றின் வேலையைக் கெடுப்பது என்று அறிவிக்கவும் செய்தார்கள். இன்றைக்கு அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கலகம் சட்டத்துக்குள் மாட்டப்படும் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

சென்னையிலும் எழுத்தை ஓவியம் எடுத்துக்கொண்டதுண்டு. சோழமண்டலத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1963இலிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். எழுத்துப் போல, கணிதக் குறி போல, ஜாதகக் கட்டம் போல எதையெதையோ நுணுக்கி நுணுக்கி எழுதிய பரப்பு. வாசிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. முக்கியமான படைப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எழுத்து, பேச்சிலிருந்து விடுபட்டுத் தூய வடிவமாகிற மோட்சத்தை அடைகிறது. நம் சுவரெழுத்துக்கு அப்படி ஒரு மோட்சம் தேவைப்பட்டதே இல்லை.

3

அச்சுக்கூடத்தில் எழுத்து என்பது எடை. ஈயத்தில் வார்த்த ஒவ்வொரு வடிவத்துக்கும் கேஸில் ஓர் அறை வேண்டும். 247 எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாலும் 247 அறை தேவையில்லை. காலையும் கொம்பையும் தனியாக வார்த்துப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் இதற்கு மசியாது. 18க்கு 36 தனி வடிவங்கள். இது போதாதென்று ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணகர, றகர, னகரங்களின் ஒகர ஓகாரங்கள் என்று 13 எழுத்துகளுக்கு வழக்கமான கால், கொம்பு, சங்கிலிக்கு அடங்காத வடிவங்கள் இருந்தன. பிள்ளைகள் தும்பிக்கை வைத்த லை என்று சொன்னது இவற்றில் ஒன்றைத்தான்.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் இந்த விதிவிலக்குகளை உதறினார். கற்கிற பிள்ளைக்கு நினைவில் வைக்க வேண்டியது குறையும், அச்சுக்கோப்பவருக்கு அறை குறையும் என்பது நியாயம். மொழியைத் தெய்வமாக்கி எழுத்தை அதன் திருமேனியாக்கி வைத்திருந்த சூழலில், எழுத்து ஒரு கருவி, தேய்ந்தால் மாற்றலாம் என்று சொன்னது கலகம்தான். தமிழக அரசு 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான், இதை ஏற்றது. 43 வருஷம். ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதும் யோசனையை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு வா.செ. குழந்தைசாமி உகர, ஊகார வரிசைகளையும் மாற்றலாம் என்று வாதாடினார், 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது, அது நடக்கவில்லை.

நான் கேட்பது: தமிழில் எழுத்துருப் பரிசோதனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைவிடப் பெரியது எது? ஒரு பத்திரிகை தன் வாசகர்கள் அத்தனை பேரையும் பணயம் வைத்து, வாரா வாரம், பெயர் தெரியாத அச்சுக்கோப்பாளர்களின் கையால் நடத்திய சோதனை. வாசிப்பைத் தடுப்பதற்காக நடத்தியதல்ல, வாசிப்பவர்களைக் கூட்டுவதற்காக நடத்தியது. இந்த வரியில் வரும் 'லை'யை நீங்கள் தடுக்காமல் வாசித்துப் போகிறீர்கள் இல்லையா, அந்தச் சோதனை வென்றதால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நவீனக் கலை வரலாறு தோற்ற சோதனைகளைச் சட்டம் போட்டு மாட்டுகிறது. வென்றவற்றை மறந்துவிடுகிறது.

சுவரொட்டி அச்சகத்தில் வேறொரு கட்டுப்பாடு. பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாது, மரத்தில் செதுக்குவார்கள். மர எழுத்து எத்தனை கட்டை இருக்கிறதோ அத்தனைதான் தலைப்பு. நாலு 'ம' இருக்கிற கடையில் அஞ்சாவது 'ம' கேட்டால், வார்த்தையை மாத்துங்கன்னுதான் பதில் வரும். தலைப்பின் சொல்லைப் பாதி ஆசிரியரும் பாதி கட்டையும் சேர்ந்து தீர்மானித்தன. ஒரே வரியில் ரெண்டு குடும்பத்து எழுத்து, நடுவில் கொஞ்சம் குட்டையான ஒன்று. டாடாக்காரர்கள் வேண்டும் என்றே செய்ததை இங்கே பற்றாக்குறை செய்தது.

எழுத்தைக் கொண்டு நடத்திய அரசியலுக்கு நம்மிடம் ஒரு செவ்வியல் உதாரணம் உண்டு. 1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் மேல் 'கள்ளக்குடி' என்று எழுதிய தாளை மு. கருணாநிதி ஒட்டினார். பிறகு தண்டவாளத்தில் படுத்ததைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். நான் அந்தத் தாளைப் பற்றி யோசிக்கிறேன். வடநாட்டு முதலாளியின் பெயர் நிரந்தரப் பலகையில், ஊரின் பெயர் பசை காயாத தாளில். சுவரொட்டியின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது. அது எப்போதும் வேறொன்றின் மேல் ஒட்டப்படுவது. தற்காலிகமானது. அடியிலிருப்பதை அழிக்காமல் மறைப்பது, மறைப்பதன் மூலம் இத்தனை நாள் அங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்க வைப்பது.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் எழுத்தின் மேல் காதல் இருந்தது. பெயர்களைப் பாருங்கள்: 1959இல் 'எழுத்து', 1970இல் 'கசடதபற', 1972இல் 'அஃக்'. எழுத்தையே பெயராகச் சூடிக்கொண்ட இயக்கம் இது. 'அஃக்' இதழின் அச்சமைப்பில் பரந்தாமன் காட்டிய அக்கறை, கே.எம். ஆதிமூலம் தூரிகையால் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள், 1974இல் தொடங்கிய க்ரியாவின் புத்தகத் தயாரிப்பு எல்லாம் நாம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் இந்தக் காதல் அட்டையைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை. புத்தகத்துக்குள் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை, நம் கூட்டங்களுக்கு நாமே ஒட்டிய சுவரொட்டிக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

4

சுவரெழுத்துக்காரரின் வேலையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். முதலில் வெள்ளை. பிறகு நூலைச் சாயத்தில் தோய்த்து இழுத்து அடித்து வரிக்கோடு. எழுத்தின் வெளிக்கோட்டை வரைந்துகொண்டு உள்ளே நிரப்புவது, கடைசியில் ஒரு பக்கமாக நிழல். சுவரின் நீளத்தைப் பார்த்து எழுத்தின் அகலம். ஜன்னல் குறுக்கிட்டால் 'ழ'வின் வால் ஜன்னலுக்குக் கீழே சுற்றிப்போகும். வடிவமைப்புப் பள்ளிகள் வருஷக்கணக்கில் சொல்லித் தருவதை ஏணியில் நின்றபடி முடிவு செய்கிறவர்கள். தேர்தல் வருவதற்கு ரொம்ப முன்னாடியே கட்சிகள் சுவரைப் பிடித்து, மூலையில் கட்சிப் பெயரை எழுதி, ரிசர்வ்டு என்று போட்டுவைக்கும் வழக்கமும் இருக்கிறது. வெற்றுச் சுவருக்கு உரிமை கொண்டாட ஒற்றை வார்த்தை போதும்.

ஆனால் எந்தச் சுவர்? இங்கேதான் அழகியல் பேச்சு தடுமாறுகிறது. ஊர்த் தெருவின் சுவரும் சேரியின் சுவரும் ஒரே சுவரல்ல. யார் எந்தச் சுவரில் எழுதலாம், எந்தத் தெரு வரைக்கும் ஒட்டலாம் என்பது சாதி போட்ட கோடு. சுவரொட்டி கிழிக்கப்பட்டதில் தொடங்கி வீடுகள் எரிந்ததில் முடிந்த மோதல்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் புதிதல்ல. சுவரில் ஒட்டிய தாள் சிலருக்கு வெறும் தாளாகத் தெரிவதில்லை. உடம்பு மேல பட்ட மாதிரி கொதிக்கிறார்கள்.

1990களில் தமிழ்நாட்டுச் சுவர்களில் நடந்த மிகப்பெரிய எழுத்து நிகழ்வு என்று நான் கருதுவது தலித் பேந்தர்ஸ் இயக்கத்தின், பின்னாளைய விடுதலைச் சிறுத்தைகளின், சுவரெழுத்துகள். அந்த இயக்கம் 1999 வரை தேர்தலில் நிற்கவில்லை. வாக்குப்பெட்டியில் இல்லாத இயக்கத்துக்குச் சுவர்தான் இருப்பைக் காட்டும் இடம். அதன் முழக்கங்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை: அடங்க மறு, அத்து மீறு, திமிறி எழு, திருப்பி அடி. இவற்றை உள்ளடக்கமாக மட்டும் வாசித்துப் பழகியிருக்கிறோம். எழுத்து எண்ணிப் பாருங்கள். நாலும் இரண்டிரண்டு சொல். எதுவும் ஆறு எழுத்தைத் தாண்டவில்லை. ஒரு தூரிகை, ஒரு டப்பா பெயின்ட், ஒரு இரவு, காவலுக்கு ஒரு ஆள். இந்த அளவுக்குள் அடங்கும்படி, அடங்காமையைச் சொல்ல வெட்டிய வாசகம். நாலுமே ஏவல். வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கணத்தில் முன்னிலையாகிவிடுகிறார். ஆதிக்கசாதிக்காரர் படித்தாலும் அதே ஏவலைத்தான் மனசுக்குள் உச்சரித்தாக வேண்டும். வடிவம் அதிகாரத்தின் மேல் செய்கிற வேலை என்றால் இதுதான்.

கூடவே நீலம். அம்பேத்கரின் நீலம், சுவரில் தூரத்திலிருந்தே ஒரு எல்லையை அறிவிக்கும். எழுத்தைப் படிக்கும் முன்பே நிறம் படிக்கப்பட்டுவிடும். பெயர் எழுத்தின் அளவும் அப்படித்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிடப்படவே உரிமை மறுக்கப்பட்டவர்கள், 'டேய்' என்றே விளிக்கப்பட்டவர்கள், தங்கள் தலைவரின் பெயரை ஆறடி உயரத்தில் எழுதுவதைத் தனிநபர் துதி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம்முடைய சௌகரியமான முற்போக்கு.

5

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. 2000க்குப் பிறகான பத்து வருஷத்துக்குள் துணி பேனர் எழுதியவர்கள், கட்-அவுட் வரைந்தவர்கள், சினிமா பேனர் ஓவியர்கள் எல்லாரையும் அது வேலையிலிருந்து தூக்கியது. சிலர் வேறு தொழில் போனார்கள், சிலர் ஃப்ளெக்ஸ் கடையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். காரணம் எளிது: ஒரு ராத்திரியில் கிடைக்கும், சதுர அடிக் கணக்கில் காசு, புகைப்படம் அப்படியே வரும்.

'அப்படியே வரும்' என்பதில்தான் மாற்றம் இருக்கிறது. சுவரெழுத்தில் முகம் விலை அதிகம், எழுத்து மலிவு. நல்ல முகம் வரைய நல்ல ஓவியர் வேண்டும். ஃப்ளெக்ஸில் இது தலைகீழானது. முகம் சும்மா கிடைக்கிறது, எழுத்துக்குத்தான் யோசிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. ஆகவே எழுத்து பின்வாங்கியது. இன்றைய பேனரைப் பாருங்கள்: நடுவில் தலைவர், பெரிசாக. பக்கத்தில் மாவட்டம், அதைவிடச் சின்னதாக. கீழே வரிசையாக பாஸ்போர்ட் அளவில் இருபது பேர். எழுத்து எங்கே? முகங்களுக்கு நடுவில் மிஞ்சிய சந்தில், மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் இறங்கி, வெள்ளை விளிம்பு கட்டி, மூச்சுத் திணறிக்கொண்டு. அதுவும் என்ன சொல்கிறது? யார் யாரை வரவேற்கிறார், வாழ்த்துகிறார் என்பதைத்தான். கோரிக்கை இல்லை, வாதம் இல்லை, ஏவல்கூட இல்லை. 1991-96 ஆட்சிக்காலக் கட்-அவுட் கலாச்சாரத்தில் ஒரே முகம் வானளவு நின்றது. ஃப்ளெக்ஸில் அது ஆயிரம் முகமாகச் சிதறியதே ஒழிய, படிநிலை மாறவில்லை. யாருக்கு எவ்வளவு சென்டிமீட்டர் என்பதே அதன் இலக்கணம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. காலனிப் பையன்கள் அம்பேத்கர் ஜெயந்திக்கு வைக்கிற பேனரில் தங்கள் முகங்களை வரிசையாகப் போட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தெருவில் இதற்குமுன் அவர்களுடைய அப்பன் பாட்டன் முகம் எந்தச் சுவரிலாவது இருந்ததா? ரேஷன் கார்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் தவிர எங்கேயும் படமாக இல்லாதவர்கள் நானூறு, ஐநூறு ரூபாய் பங்கு போட்டுத் தெருமுனையில் நிற்பதை, ரசனைக்கேடு என்று காரில் போகிறவர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பில் ரசனையைவிட வேறு ஏதோதான் அதிகம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் இதே பொருத்தம். செத்த பிறகாவது ஒரு மனிதர் தன் பெயரோடும் தோற்றம்-மறைவுத் தேதிகளோடும் ஊர்ச் சுவரில் ஒரு வாரம் இருக்கிறார். செய்தித்தாள் இரங்கல் பத்திக்கு வராதவர்களின் இரங்கல் பத்தி அது. இந்த மறுப்பை நான் முழுசாக ஏற்கிறேன்.

ஆனால் ஃப்ளெக்ஸ் கொன்றிருக்கிறது என்பதையும் ஏற்றாக வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலையில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். அந்த பேனர் யாருடைய உரிமைக் குரலும் அல்ல. சாலை என்னுடையது என்று சொன்ன அதிகாரத்தின் குரல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2017 அக்டோபரில், உயிரோடிருப்பவர்களின் படங்களை பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டிருந்தார். தெருவில் அது நிலைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் விசித்திரமான அழகியல் உத்தரவு: முகம் செத்தவர்களுக்கு மட்டும், உயிரோடிருப்பவர்களுக்கு எழுத்து மட்டும். நீதிமன்றம் நினைத்த காரணம் வேறு. நமக்கு அது வேறொரு கேள்வியைத் தருகிறது. முகத்தை எடுத்துவிட்டால் நம் பேனர்களில் சொல்வதற்கு என்ன மிஞ்சும்?

6

பேனரையும் சுவரொட்டியையும் ஒழிக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் அந்த இடத்தில் என்ன வைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2009இல் சென்னை மாநகராட்சி இரண்டு முக்கியச் சாலைகளில் சுவரொட்டிகளைத் தடைசெய்து, அந்தச் சுவர்களில் ஓவியம் வரையச் சொன்னது. வரைந்தவர்களில் ஃப்ளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களும் இருந்தார்கள். கோயில், பாரம்பரியக் காட்சிகள், இயற்கைக் காட்சிகள். அவர்களுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் சுவரிலிருந்து காணாமல் போனது எது? கூலி உயர்வு கேட்ட வரி, கண்டனக் கூட்டத்தின் தேதி, சினிமா, சாவு எல்லாம் போய், பண்பாடு வந்து உட்கார்ந்தது. பண்பாடு யாரோடும் சண்டைக்கு வராது.

2020இல் கண்ணகி நகரில் இதன் அடுத்த கட்டம் நடந்தது. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடிசைவாழ் மக்களை 2000இலிருந்து கொண்டுபோய் வைத்த மறுகுடியமர்வுக் குடியிருப்பு அது. அதன் கட்டடங்களில் ஒரு கலை அமைப்பும் பெயின்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து பிரமாண்டச் சுவரோவியங்களை வரையச் செய்தன. பெரிய பெரிய முகங்கள், சிரிக்கிற குழந்தைகள், பளீரென்ற நிறங்கள். அங்கே குடியிருப்பவர்களில் சிலருக்கு இது பிடித்திருக்கலாம், அவர்கள் பகுதியைப் பற்றிய பேச்சையே இது கொஞ்சம் மாற்றியிருக்கலாம். அதை வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுவர்கள் நிறத்தால் பேசுகின்றன, எழுத்தால் பேசுவதில்லை. எங்களை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், வேலைக்குப் போக எத்தனை மைல் என்பதற்குச் சுவரில் இடமில்லை. முகம் தரப்பட்டது, வாக்கியம் தரப்படவில்லை.

இப்போது அயனம்பாக்கத்து மதிலுக்குத் திரும்பலாம். விளம்பரம் செய்யாதீர் என்ற அந்த அச்செழுத்துக்குப் பின்னால், திறந்தவெளி இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெற்றுச் சுவர்தான் ஒழுங்கான உரு, எழுத்து அதைக் குலைப்பது என்ற கருத்தியலின் மேல் நிற்கிற சட்டம். ஃப்ளெக்ஸ், அழகுச் சுவரோவியம், வெள்ளை மதில். மூன்றும் ஒன்றையொன்று எதிர்ப்பது போலத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: சுவரில் வாதம் வேண்டாம்.

7

சரி, நாம என்ன செய்யுறோம்? கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்வோம். கூட்டத்துக்குத் தலைப்பு முடிவாவது ஒரு மாதம் முன்பு. பேச்சாளர் பெயர் வரிசைக்காக அரைநாள் சண்டை. சுவரொட்டி மட்டும் முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, டிடிபி கடைப் பையன் தூக்கக் கலக்கத்தில் எடுத்துப் போடுகிற எழுத்தில். உலகமயத்தை எதிர்க்கிற கூட்டத்துக்கும் துணிக்கடைத் தள்ளுபடிக்கும் ஒரே தடித்த எழுத்து, ஒரே நிழல், ஒரே கிரேடியன்ட். உள்ளடக்கம் சரியாக இருந்தால் போதும், வடிவம் தானாக வரும் என்பது நம் இடதுசாரி மரபின் பழைய சோம்பேறித்தனம். வடிவம் பற்றிப் பேசுகிறவர்களோ புத்தக அட்டையோடு நின்றுவிட்டார்கள். இரண்டு தரப்பும் சுவரைக் கீழான இடமாகவே பார்த்தன. மேலே ஏன் என்று கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: ஏணியில் நிற்பவரின் வேலையை நாம் சிந்தனை என்று எண்ணவில்லை. அச்சுக்கோப்பவர் கை, தூரிகை பிடித்த கை, இன்று மௌஸ் பிடித்த கை. உடலுழைப்புக்கும் மூளையுழைப்புக்கும் நடுவில் இந்தச் சமூகம் போட்ட கோடு சிறுபத்திரிகைக்குள்ளும்தான் ஓடுகிறது.

வசதியில்லை என்ற சாக்கு இப்போது செல்லாது. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று கடைக்குக் கடை வேறு குறியீட்டில் மாட்டிக்கொண்டு தவித்த காலம் ஒன்று இருந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்றைக்குக் காசில்லாமல், யாரும் திருத்தவும் பகிரவும் கூடிய தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'பவனம்', 'கவிவாணர்' இவையெல்லாம் அப்படிப்பட்டவை. கடைக்காரரின் கணினியில் ஏற்ற ரெண்டு நிமிஷம். அதற்காக நல்ல எழுத்துரு வந்துவிட்டால் நல்ல சுவரொட்டி வந்துவிடும் என்றில்லை. வாசகத்தை யார், எங்கே, எத்தனை பேர் சேர்ந்து வெட்டினார்கள் என்பதுதான் முதலில்.

ஆகவே விவாதத்துக்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன். சுவரொட்டியின் வாசகத்தைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் அதை அச்சிடுகிறவரும் ஒட்டப் போகிறவரும் உட்கார வேண்டும். ஒற்றை நிறத்தில் சொல்ல முடியாததை நாலு நிறத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தலைவர் படம் வேண்டும் என்றால், அந்தப் படம் எந்த வாக்கியத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். தேர்தல் சுவரொட்டியின் அடியில் அச்சகத்தின் பெயரையும் வெளியிடுபவர் பெயரையும் போட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-அ பிரிவு சொல்கிறது. யாரைப் பிடிப்பது என்று அதிகாரம் தெரிந்துகொள்வதற்கான வரி அது. நாம் அதே இடத்தில், நம் விருப்பத்தின் பேரில், எழுதியவர், அச்சடித்தவர், ஒட்டியவர் பெயர்களைப் போடலாமே. பாரிஸ் மாணவர்கள் கையெழுத்தை மறுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது. இங்கே பெயர் போடுவதே மறுப்பாக இருக்க முடியும்.

கடைசியாக ஒன்று. வாசிக்க முடியாத எழுத்தை உருவாக்குவது பரிசோதனை என்றால், விளம்பரம் செய்யாதீர் என்று மட்டும் எழுதிய மதிலை வேறு மாதிரி வாசிக்க வைப்பதும் பரிசோதனைதான். அதற்குக் கீழே யாராவது ஒருநாள் இரவு, அதே அளவில், அதே கறுப்பில், தகரத்தில் வெட்டிய அதே மாதிரி எழுத்தில் ஒரு கேள்வியை எழுதினால் போதும்: இந்தச் சுவரைக் கட்டியது யார்? கூலி கொடுத்தாச்சா?

ஆறு எழுத்துக்கு மேல் போகிறதுதான். சேர்ந்து உட்கார்ந்தால் சுருக்கிவிடலாம்.